பெரியவர் மௌத், சின்னவர் பொறுப்பேற்பு

வாசகர்களே, இன்று உங்களுக்கு 'ரெடி நானா'வைக் காட்டித் தரப்போகிறேன். நானா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். இவரை ஏற்கெனவே தெரியும் என்பீர்கள். தெரியாமல் எப்படி இருக்கும்? புத்தளம் களப்பைச் சுற்றி எத்தனை சங்கம் உண்டோ அத்தனை ரெடி நானாக்கள் உண்டு. கூட்ட அறிக்கையில் இவர்களை 'உப தலைவர்' என்று எழுதுவார்கள். தலைவர் விழுந்தால் தாங்குவதற்கென்றே படைக்கப்பட்டவர்கள். விழவேண்டும் என்று ஒருநாளும் துஆக் கேட்கமாட்டார்கள். ஆனால், விழுந்தால்?

அந்த 'விழுந்தால்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் இவர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது லேசு. கலியாண வீட்டில் பிரதம விருந்தாளியின் கதிரைக்கு நேர் பின்னால் இருக்கும் கதிரை இவருடையது. உப்பு பொரிகிற வெயிலிலும் கோட் போட்டிருப்பார். மோட்டார் சைக்கிளை எப்போதும் கேற்றைப் பார்த்தே நிறுத்துவார். சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு பேச்சு இருக்கும்; அது 'எமது தலைவர் அவர்களின் திடீர்' என்று தொடங்கி, ஒரு சொல்லுக்கு இடம் விட்டு, மேலே போகும். சுகயீனமா, வெளிநாட்டுப் பயணமா, மற்றதா என்று அந்த நேரத்தில் நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா? தலைவரைக் கண்டால் ஸலாம் சொல்லி முடிக்கும் முன்பே இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று விசாரிப்பார். 'முன்னூற்றிப் பத்து' என்றால் முகத்தில் கவலை வரும். காலில் ஒரு சின்னத் துள்ளலும் வரும். 'நூற்றிப் பத்து' என்றால் 'மாஷா அல்லாஹ்' என்பார். குரலில் அரைச் சுருதி குறையும்.

நான் பக்கத்தில் வைத்துப் படித்த ரெடி நானாவின் பெயர் நௌஃபர் மாஸ்டர். பாலாவிக்கு அப்பால் இருக்கும் களப்புக்கரை உப்பு உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக உப தலைவர். தலைவர் ஜபார் ஹாஜியார். அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை; 'பெரியவர்' என்றால் அவர்தான். நான் அங்கே கணினிப் பொறுப்பாளன். மதுரங்குளிப் பக்கத்தில் எங்கள் வளவிலேயே முதலில் பட்டம் வாங்கியவன். நீங்கள் கேட்கவில்லைதான், எங்கள் வாப்பாவிடமும் யாரும் கேட்பதில்லை, அவர் பஸ்ஸில் பக்கத்து சீற்காரரிடம் சொல்லிக்கொண்டே போகிறார்.

சங்கத்தின் சகல பதிவுகளும், இருநூற்று நாற்பத்து மூன்று குடும்பங்களின் உப்புப் பாத்தி விபரங்கள் உட்பட, ஒரு பொது டிஸ்க்கில் இருந்தன. ஒருமுறை அதை இயக்கிய ஒற்றை சேர்வர் இரண்டு நாள் படுத்துவிட, சங்கமே கை கட்டிக்கொண்டு களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பிறகு நான் இரண்டு சேர்வர்கள் வைத்தேன். டிஸ்க்குகளும் சோடி சோடியாக. ஒன்று செத்தால் மற்றதில் அதே எழுத்து அப்படியே இருக்கும். முதல் சேர்வர் வேலை செய்யும். இரண்டாவது சும்மா இருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு செக்கனுக்கு ஒருமுறை முதலாவது ஒரு கேபிள் வழியாக 'இருக்கிறேன்' என்று சொல்லவேண்டும். மூன்று தரம் சொல்லாவிட்டால், ஆள் முடிந்தது என்று கணக்கு. இரண்டாவது எழும்பிப் பொறுப்பெடுக்கும்.

இதை விளக்கியபோது நௌஃபர் மாஸ்டர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"தம்பி, அந்த ரெண்டாவது மிசின் பதினொரு வருஷமும் சும்மா இருக்குமா?"

"இருக்கும், மாஸ்டர். முதலாவது விழாட்டி இருக்கும்."

"அல்லாஹ்வே," என்றார் மெதுவாக. "இது நான்தானே."

அன்றிலிருந்து அந்த இரண்டாவது சேர்வரோடு அவருக்கு ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது. காலையில் வந்ததும் தன் கைலேஞ்சியால் அதன் தூசி துடைப்பார். முதலாவதைத் துடைக்கமாட்டார். நான் 'ஒன்று', 'இரண்டு' என்று வைத்திருந்த பெயர்களையும் அவரே மாற்றினார்: பெரியவர், சின்னவர். ஒன்று விழுந்து மற்றது எழும்பினால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தானாகத் தகவல் போகவேண்டும் என்றார். நான் 'செயலிழந்தது' என்று எழுதினேன். உப்பு அள்ளுகிற சனத்துக்கு அதெல்லாம் விளங்காது, செத்ததற்கு மௌத் என்று போட்டால் பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும் என்றார். விளங்கும் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை பிறகு நூற்றுக்கு நூறு சரியாயிற்று.

சரி, பட்டதாரி என்ன செய்துகொண்டிருந்தேன்? தலையாட்டிக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் விட்டுவிட்டேன். ஒருவரையொருவர் காவல் பார்க்க இரண்டு பேர் போதாது, யார் உயிரோடு என்று சொல்ல மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும் என்று விரிவுரையாளர் கரும்பலகையில் அடிக்கோடிட்டுக் காட்டியிருந்தார். நிக்காஹ்வுக்கே இரண்டு சாட்சி போதும், இதற்கு எதற்கு மூன்று என்று நினைத்தேன்.

வந்தது அந்த வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டுக்கு முன் உறுப்பினர் பட்டியல், தலைவர் கையெழுத்தோடு, கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகவேண்டும். போகாவிட்டால் அனுமதிப் பத்திரம் இல்லை. இருநூற்று நாற்பத்து மூன்று குடும்பமும் இந்தப் பருவம் பாத்தியில் கால் வைக்க முடியாது. புதிதாகச் சேர்ந்த ஏழு பேரை மட்டும் எழுதிச் சேர்க்கவேண்டியிருந்தது. ஹாஜியார் பதினொரு மணிக்குள் வந்து கையெழுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டு, சிக்னல் எட்டாத தூரத்தில் இருக்கும் தன் பாத்திகளைப் பார்க்கப் போயிருந்தார்.

காரியாலயத்தைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி ஊற்றுகிற முனவ்வரா ராத்தா, சேர்வர் அறைக்குள் தும்புத்தடியை விட்டு நன்றாக ஒரு இழுப்பு இழுத்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த கேபிள் கழன்றது. அவ்வளவுதான்.

பத்து மணி ஏழு நிமிடத்துக்கு இருநூற்று நாற்பத்து மூன்று போன்கள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. 'பெரியவர் மௌத். சின்னவர் பொறுப்பேற்றுவிட்டார்.'

மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹி வரிசையாக வந்து விழுந்தது. ஒருவர் கூடாரத்துக்குச் சொன்னார். ஒருவர் நூறு பிளாஸ்டிக் கதிரைக்குச் சொன்னார். மீன் வியாபாரி ஒருவர், காலையில்தான் ஹாஜியாரோடு பாரைக்குப் பேரம் பேசினேன், அப்போதே மூச்சு வாங்கினார் என்று நேரில் கண்ட சாட்சியாகிவிட்டார். நௌஃபர் மாஸ்டர் ஹாஜியாரின் போனுக்கு மூன்று தரம் அழைத்தார். பதில் இல்லை. உண்மையாகவே அழுதார், நான் பார்த்தேன். அழுதுகொண்டே போய்த் தலைவர் கதிரையில் இருந்தார். இருந்த பிறகும் அழுதார். பிறகு கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

உள்ளே சேர்வர்களின் நிலைமை இதைவிட மோசம். பெரியவர் சாகவில்லை, கேபிள்தான் இல்லை. சின்னவர்தான் செத்தார் என்று அது பாட்டுக்கு டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது. சின்னவரும் அதே டிஸ்க்கில் எழுதியது. ஒரு வீட்டில் இரண்டு மருமகள் ஒரே சட்டியில் உப்புப் போட்டது போல. பட்டியலைத் திறந்தால் ஒரே அபூபக்கர் ஒன்பது இடத்தில் இருந்தார்; நாற்பது குடும்பங்களைக் காணவில்லை.

பத்து ஐம்பதுக்கு ஹாஜியார் வாசலில் இறங்கினார். கூடாரக் கம்பு நட்டவர்கள் அவரைக் கண்டு கம்பை விட்டார்கள்.

"மாஸ்டர், அது என்ட கதிரை."

"ஹாஜியார், குரூப்பில போட்டிருக்கே." மாஸ்டர் எழும்பாமலே போனை நீட்டினார்.

ஹாஜியார் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். "நான் மௌத்தாகல்ல."

"மௌத் எண்டு நானா செல்லுறன்? மெசேஜ் செல்லுது. மூணு தரம் கோல் எடுத்தன், நீங்க தூக்கல்ல."

"சிக்னல் இல்லாத இடத்துல நிண்டா மௌத்தா?"

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதானே படிச்சுத் தந்தீங்க. மூணு தரம் பதில் வராட்டி பொறுப்பெடுக்கணும் எண்டு."

வாழ்க்கையில் முதல்தடவையாக, பட்டம் வாங்காமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். மணி பதினொன்று. ஒரு கதிரை, இரண்டு தலைவர், இரண்டு பேனை. இரண்டு பேரும் கையெழுத்து வைக்கத் தயார். கையெழுத்து வைக்கப் பட்டியல்தான் இல்லை. அங்கத்தவர்கள் கதவடியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அறிவித்தல் வந்ததற்குப் பிறகு உயிரோடு வருவது சங்கத்தின் எந்த யாப்பு விதியில் இருக்கிறது என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் முனவ்வரா ராத்தா தட்டத்தோடு வந்தார். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். எல்லாருக்கும் பிளேன்ரீ, பால் ரீ ஒரு கோப்பைதான், அது தலைவருக்கு. அந்த ஒற்றைக் கோப்பை வாசலிலிருந்து மேசை வரை வந்த பாதையை மொத்தச் சங்கமும் மூச்சு விடாமல் பார்த்தது. ராத்தா கதிரையைப் பார்க்கவேயில்லை. நின்றுகொண்டிருந்த ஹாஜியாரின் கையில் கோப்பையைக் கொடுத்தார்.

"சீனி போடல்ல, ஹாஜியார். எழும்புங்க மாஸ்டர், உங்கட பிளேன்ரீ வெளிய இருக்கு."

மாஸ்டர் எழும்பினார். வழக்கு முடிந்தது.

மூன்றாவது சாட்சி என்றால் என்னவென்று எனக்கு அப்போது விளங்கிற்று. ஓடிப்போய்ச் சின்னவரின் பிளக்கைப் பிடுங்கினேன். நல்லவேளை, அந்த டிஸ்க் மணிக்கு ஒருமுறை தன்னைத்தானே படம் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து மணிப் படத்தில் பட்டியல் முழுசாக இருந்தது. அதை மீட்டு, ஏழு பேரைச் சேர்த்து, அச்சடித்து, ஹாஜியார் கையெழுத்து வைக்கும்போது பதினொன்று முப்பத்தெட்டு. வெளியே பார்த்தால் வாகனம் எதுவும் அசைய வழியில்லை. நூறு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்த லொறி கேற்றில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மற்றப் பாதியைப் பார்த்தபடி ஒரேயொரு மோட்டார் சைக்கிள் நின்றது.

பதினொரு வருடமாக அப்படித்தான் நின்றது. மாஸ்டர் ஹெல்மெட்டைப் போட்டார். பட்டியலை வாங்கிக் கோட்டுக்குள் செருகினார். கச்சேரிக் கருமபீடத்தில் அவர் அதை வைத்தது பதினொன்று ஐம்பத்தாறுக்கு. திரும்பி வந்தபோது ஊரே கைதட்டியது. அவர் சட்டைப்பையிலிருந்து பேச்சை எடுத்தார். 'திடீர்' என்பதற்குப் பக்கத்தில் விட்ட இடத்தில் 'வருகை' என்று நிரப்பி, முழுவதையும் வாசித்தார். முப்பத்தைந்து நிமிடம். கதிரை நூறு இருந்தது, எல்லாரும் இருந்து கேட்டார்கள்.

இப்போது சேர்வர் அறையில் மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வேலை ஒன்றும் செய்யாது; யார் உயிரோடு என்று மட்டும் சொல்லும். பெயர் முனவ்வரா.

சிரித்தீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்களுக்கு மேலேயும் ஒரு பெரியவர் இருப்பார். காரியாலயத்திலோ, சங்கத்திலோ, கடைக் கல்லாவிலோ. ஒருநாள் உங்கள் போனும் அதிரும். இன்னாலில்லாஹி சொல்வீர்கள், அதில் சந்தேகமில்லை. வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கை எங்கே போகிறது என்று மட்டும் ஒருதரம் குனிந்து பாருங்கள். கோட்டுப் பொத்தானில் இருந்தால், ஸலாம், ரெடி நானா. சீனி எவ்வளவு?