கரடிகளைத் தூங்க வைத்த கட்டை

ஒரு காட்டில், அமெரிக்காவில் மேப்பிள் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், எஸ்ரா என்றொரு முள்ளம்பன்றி தாகத்தோடு வாழ்ந்தது. அது வாழ்ந்த சரிவில் ஒரு காலத்தில் ஓடை ஓடியது. மேட்டில் இருந்த கரடிக் குடும்பத்தின் தாத்தா, பிள்ளைகள் குளிக்க ஓர் அணை கட்டினார். அதாவது மரம் கடித்து அணை கட்டும் பீவர்கள் கட்டின, தாத்தா தன் பெயரை வைத்தார். அணையில் இருந்த ஓட்டையில் கசிந்ததைக் குடித்துத்தான் எஸ்ரா பிழைத்தது.

எஸ்ரா பழைய வழிக் கட்சியின் பழந்தொண்டர். "அவனவன் தோண்டியதை அவனவன் தின்னட்டும்" என்று முழங்கி முழங்கியே தொண்டை போயிருந்தது. ஓடை ஓடுவதைவிடப் பழைய வழி ஏது? தலைவராகி அணையைத் திறந்துவிடலாம் என்று தேர்தலில் நிற்கக் கிளம்பியது.

கட்சித் தரகரான நரி சிரித்தது. "ஓட்டு கீழே இருக்கிறது அண்ணே, தேன் மேலே இருக்கிறது. முதலில் மேலே போவோம்."

கரடிகள் பனிக்காலத் தூக்கத்துக்குப் படுக்கும்போது வேட்பாளர்கள் குகை வாசலில் நின்று பேச வேண்டும். யார் பேச்சில் குடும்பம் நிம்மதியாகத் தூங்குகிறதோ, தேர்தல் செலவுக்குக் கரடிகளின் தேனடை முழுவதும் அவருக்கே. அதுதான் வழக்கம்.

எஸ்ரா பேசியது. "அவனவன் தோண்டியதை அவனவன் தின்னட்டும். ஓசிச் சோறு காட்டைக் கெடுக்கும்."

பேரக்கரடிகள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தன. பிறந்ததிலிருந்து அவை எதையும் தோண்டியதில்லை.

"யாரைச் சொல்கிறான் இவன்?" என்றது மூத்த கரடி.

"ஏழைகளைத்தான் ஐயா" என்றது நரி.

"பிறகு ஏன் என் தூக்கம் கலைகிறது?"

நரி ஓடிப்போய் ஒரு பொந்துக் கட்டையை உருட்டி வந்தது. "இவர் புது வேட்பாளர்." காற்று புகுந்து கட்டை "உம்ம்" என்றது. குடும்பமே குறட்டை விட்டது.

மரத்துக்கு மரம் கட்டையின் படம், படத்தின் மேல் தேன். முயல்கள் நக்கிவிட்டு ஓட்டுப் போட்டன.

"கட்டை என்ன செய்யும்?" என்று எஸ்ரா கேட்டது.

"வரி போடாது, அவனவன் தோண்டியது அவனவனுக்கே" என்றது ஒரு முயல். "நீங்கள்தானே அண்ணே சொல்லிக்கொடுத்தீர்கள்?"

கட்டை வென்றது. தலைவருக்கு உயர்ந்த இடம் வேண்டும் என்று, நரி கட்டையை அணையின் ஓட்டையில் செருகியது. கசிவும் நின்றது.

எஸ்ரா நாக்கு வறளும் மட்டும் பொறுத்தது. பிறகு மேலேறிப் போய்த் தலைவரைக் கடிக்கத் தொடங்கியது. அந்த ஊர் முள்ளம்பன்றிக்கு மரம்தானே சோறு. உள்ளே ஒன்றும் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது. தண்ணீர் கொட்டியது.

வசந்தத்தில் கண்விழித்த கரடிகள் ஓடையைப் பார்த்தன. நரி காதில் ஏதோ ஓதியது. மறுநாள் கரையில் ஒரு பலகை முளைத்தது: 'கரடிக் குடும்பத்தின் நன்கொடை'.

"நன்றி சொல்லிவிட்டுக் குடியுங்கள் அண்ணே" என்றது நரி. "தலைவரைத் தின்றதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இன்னொரு கட்டை பார்த்தாயிற்று."

"நான் பழைய வழிக்காரன். யாரிடமும் கையேந்தியதில்லை."

"கையை யார் கேட்டார்கள்? வாயால் சொன்னால் போதும்."

எஸ்ரா நன்றி சொன்னது. குனிந்து குடித்தது. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

நீதி: தாகம் எடுத்தால் தலைவரைத் தின்னலாம், தவறில்லை, ஆனால் நன்கொடையாளரின் தூக்கம் கெடாதபடி மெதுவாக மென்று தின்ன வேண்டும்.