பத்தாளு சிஸ்டர்

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ ராஜாக்கள் பிடித்தார்களாம். பிடிக்கட்டும். ஆளைப் பிடிப்பதில் எங்கள் பத்தாளு சிஸ்டருக்கு ஈடாக அதில் ஒரு ராஜாவும் தேறமாட்டார்.

கொரோனா காலத்தில் செஞ்சிப் பக்கத்து சுகாதார நிலையம் ஒன்றில் அவர் நர்ஸ். நான் பெருக்கித் துடைக்கிறவள். ஒரு தடுப்பூசி பாட்டிலில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். மிஞ்சினால் குப்பைக்குத்தான். வீணானால் மேலே இருப்பவர்கள் போனிலேயே காய்ச்சி எடுப்பார்கள். அதனால் பத்து நாற்காலியிலும் ஆள் உட்காராமல் சிஸ்டர் பாட்டிலைத் தொடமாட்டார். ஓர் ஆள் குறைந்தால் போதும், தேடிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். பேர் அப்படித்தான் வந்தது.

ஒரு தடவை பஸ்ஸிலேயே ஏறிக் கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்தார்.

"யம்மா, வண்டி கெளம்பணும்மா!"

"கெளம்பட்டும். நீ எறங்கு."

"நான் இல்லாம எப்டி போவும்?"

"நீ செத்துட்டா மட்டும் போவுமில்ல? எறங்கு."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலைக் கடித்தபடி ஊசி போட்டுக்கொண்டார்.

தளவானூரில் ஒருத்தர் ஊசிக்குப் பயந்து புளியமரத்தில் ஏறிக்கொண்டார். சிஸ்டர் மருந்துப் பெட்டியோடு அடியில் போய் உட்கார்ந்தார்.

"மேல இன்னா பண்ற?"

"புளி உலுக்குறேன் சிஸ்டர்."

"உலுக்கு. நான் பொறுக்கறேன்."

வெயில் ஏறியதும் அவரே இறங்கி வந்து கையை நீட்டினார்.

இப்போது சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன். அந்த நாளில் சிரிப்பு வரவில்லை. பிளாஸ்டிக் உடுப்புக்குள் சிஸ்டர் வெந்துகொண்டிருப்பார். கழற்றினால் மாற்றிப் போட வேறு இருக்காது என்று தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஊசி வேண்டாமென்று ஓடியவரையே பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவோம். சிலர் திரும்பவில்லை. "சும்மா டென்ஷன் பண்ணாதீங்க சார்" என்று மேலே இருப்பவர்களிடம் போனில் கத்திவிட்டு, சிஸ்டர் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். தண்ணீர்ச் சத்தம் நிற்கிற வரைக்கும் நான் வெளியே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பேன்.

அவருடைய அம்மா மேல்சித்தாமூரில் தனியாக இருந்தார். தன்னால் ஒட்டிக்கொள்ளுமோ என்று சிஸ்டர் அங்கே போவதே இல்லை. ஊருக்கெல்லாம் ஊசி குத்தியவருக்குப் பெற்றவள் மட்டும் அகப்படவில்லை. ஒருவழியாக ஒருநாள், ஊசிக்கு வருகிறேன் என்று அம்மா போனில் சொல்லிவிட்டார். சிஸ்டர் ஆட்டோ அனுப்பினார். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டார். அம்மா வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில், அன்றைக்கு மட்டும் ஓர் ஆள் குறைவாக இருந்தும் பாட்டிலைத் திறந்தார்.

ஆட்டோ வெகுநேரம் கழித்துக் காலியாக வந்தது.

"நான்தான் வாசப்படியே தாண்டறதில்லியே, எனக்கு இன்னாத்துக்கு ஊசின்னு கதவ சாத்திக்கினாங்க சிஸ்டர்" என்றார் ஆட்டோக்காரர்.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இனி அந்த மருந்து தாங்காது.

"நீ போட்டுட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"ஒக்காரு."

அம்மாவுக்கென்று வைத்திருந்ததை ஆட்டோக்காரர் கையில் போட்டார்.

அடுத்த மாதம் அம்மாவுக்கே காய்ச்சல் வந்து மூச்சு அடங்கிப்போனது. முகத்தைத் தூரத்திலிருந்துதான் காட்டினார்கள். காரியம் முடிந்ததும் சிஸ்டர் வேலைக்கு வந்துவிட்டார். அவர் இடத்துக்கு வேறு ஆள் ஏது? அதற்குள் பயத்தில் ஊரே ஊசிக்கு வரிசை கட்டி நின்றது. யாரையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. செஞ்சியிலிருந்து மருந்து வரக் காத்திருந்த நேரத்தில், சிஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

"சிஸ்டர எழுப்புக்கா! எவ்ளோ நேரம் நிக்கிறது?" என்று வரிசையில் ஒருத்தர் கத்தினார்.

நாலு பேர் எதிரில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்கு எப்படியோ வாசலை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"மருந்து வர்ற வரைக்கும் தூங்கட்டும்யா" என்றேன். "தாயில்லாத புள்ள அது."