முள்ளைப் பார்த்துக்கொண்ட சம்பந்தி

எனக்கு எண்ணும் வியாதி உண்டு. பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். துக்க வீட்டுக்குப் போனால் வாசலில் செருப்புகளை எண்ணுவேன். தாவரவியல் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எண்ணுவதற்குப் பிள்ளைகள் இல்லாததால் செடிகளை எண்ணத் தொடங்கினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சேலத்துக் கல்லூரி ஒன்றில் ஹெர்பேரியம் இருக்கிறது. செடியை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, எங்கே கிடைத்தது, பறித்தவர் யார் என்று எழுதி வைக்கும் இடம். அங்கே ஒரு பழைய தாளில், நம் மண்ணுக்கே உரிய முட்செடி ஒன்று இருந்தது. பந்து போல வெளிர்நீலப் பூ, தொட்டால் ரத்தம். நாமக்கல் பக்கத்து ஆற்றுப் படுகையில் எடுத்தது. அதற்குப் பின் அந்த ஆற்றிலிருந்து ஒரு தாள்கூட இல்லை. (ஆறு என்பது மரியாதைக்கு. தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்.)

அதே செடியை நான் கண்டுபிடித்துவிட்டேன், என் மகனின் மாமனார் தோட்டத்தை ஒட்டிய மணல்மேட்டில். மொத்தம் நாற்பத்து மூன்று. ஒன்றைப் பறித்துக்கொண்டு போயிருந்தால் வேலை முடிந்திருக்கும். பறித்தால் நாற்பத்திரண்டாகிவிடுமே! போட்டோவை மட்டும் எடுத்துப்போய் ஹெர்பேரியப் பொறுப்பாளரான பேராசிரியையிடம் காட்டினேன்.

"போட்டோவை ஒட்ட முடியாது சார். ஞாயிற்றுக்கிழமை நாங்களே வந்து எடுத்துக்கறோம்" என்றார்.

நம்மைவிட நீண்ட ஆயுள் உள்ள தாளில் என் பெயர் ஏறப்போகிறது! தூக்கம் போய்விட்டது. அதற்குள் வெள்ளாடு மேய்ந்துவிட்டால்? சம்பந்திக்குப் போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை காலேஜ்ல இருந்து வாராங்க சம்பந்தி. ஆத்தோரம் அந்த முள்ளுச்செடி இருக்குதுங்கல்ல, அதைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

"அட, இதெல்லாம் சொல்லோணுங்களா? நான் பாத்துக்கறனுங்க. நீங்க நிம்மதியா வாங்க."

நிம்மதியாகத்தான் போனேன். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா (ஒன்று எழுதாவிட்டால்?). பின்னால் பேராசிரியையும் மாணவிகளும். மணல்மேடு இருந்த இடத்தில் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு ஒரு மைதானம் இருந்தது. ஓரத்தில் சம்பந்தியின் பொக்லைன். பக்கத்தில் இளநீர்க் குலையோடு சம்பந்தி.

"சம்பந்தி, முள்ளு?"

"ஒண்ணுகூட இல்லீங்க! வந்தவங்க கால்ல குத்திப்போட்டா நமக்குத்தானுங்களே கெட்ட பேரு? வேரோட வாரி, நேத்தே கொளுத்திப்போட்டனுங்க. சந்தேகமா இருந்தா எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். பூஜ்ஜியத்தை எண்ண அதிக நேரம் ஆவதில்லை. மாணவிகள் இளநீருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

பேராசிரியை பொக்லைனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாளியின் பற்களுக்கு நடுவே கைவிட்டு எதையோ மெல்ல இழுத்தார். நசுங்கிய முட்செடி.

"பூ இருக்கு, இலை இருக்கு, வேர் முழுசா இருக்கு. இவ்வளவு வேரோட நீங்க எடுத்திருக்க மாட்டீங்க சார்."

அது இப்போது ஹெர்பேரியத்தில் பத்திரமாக இருக்கிறது. பறித்தவர் என்ற இடத்தில் சம்பந்தியின் பெயர். நான் ஆட்சேபித்துப் பார்த்தேன். "பறிச்சவர் அவர்தானே சார்?" என்றார் பேராசிரியை. விதி விதிதான், அதை வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன்.

மறு வருடம் மழைக்குப் பின் மணலில் ஒன்பது முளைத்தன. நான் யாரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை.

போன மாதம் மனைவி தன் தங்கை ஊருக்குக் கிளம்பியபோது, என்னைச் சம்பந்தி வீட்டில் விட்டாள். "இவரைக் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணா" என்றாள்.

சம்பந்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தப் பாத்துக்கறதுங்க அம்மிணி? வெளக்கமாச் சொல்லிப்போடுங்க. பொக்லைன் சும்மாதான் நிக்குது."