கம்பளிக்குள் இருந்த மகன்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது நாலு, செத்துப்போன தங்கச்சி விட்டுப்போனது இரண்டு. அந்த ஆறு பேரில் ஒருவரிடமும் ‘எனக்குத் தெரியாது’ என்று நான் சொன்னதில்லை. அந்த வாயால்தான் கெட்டேன்.

இலங்கையில் சண்டை முடியாத காலம். புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு வீட்டோடு இருந்தேன். மூத்தவன் ரவி கத்தாருக்குப் போகும்போது தன் பழைய லேப்டாப்பை விட்டுப்போயிருந்தான். ஒருநாள் அவன் பேசி அனுப்பிய சீடி ஒன்று வந்தது. கடைசி மகள் செல்வி போட்டாள். படத்தில் மெலிந்திருந்தான். எல்லாரையும் பேர் சொல்லி விசாரித்தான். பிறகு, “அம்மா, இந்தப் பொங்கலுக்கு நான்…” என்றான். லேப்டாப் அணைந்துவிட்டது.

தொட்டால் ரொட்டிக்கல் சூடு. ஆறவைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து ஓடி, அதே ‘பொங்கலுக்கு நான்’. படம் ஓட்டினாலே அதற்குக் காய்ச்சல். (நடுவிலிருந்து ஓட்ட எங்களுக்குத் தெரியாது.) பதினொரு தடவை பார்த்தோம்.

அந்த வாரம் ரவி கத்தாரிலிருந்து போன் எடுத்தான். சீடி பார்த்தீர்களா, நான் கேட்டதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றான். பாதிதான் பார்த்தேன் என்று சொல்ல என் கௌரவம் விடவில்லை. வரட்டுமா என்றுதானே கேட்டிருப்பான்?

“சரிப்பா, அப்படியே செய்யி.”

“நெசமாவாம்மா?”

“நெசமாத்தான்.”

பொங்கலுக்குப் பச்சரிசி எடுத்துவைத்தேன். ஆனால் அந்த ‘நெசமாவா’ உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலை, செல்வி படிப்பிக்கப் போனதும், கண்டியில் திருத்தலாமென்று லேப்டாப்பைத் தூக்கினேன். அணைக்காமல் மூடியை மட்டும் மூடினேன்; அதுவும் தூங்கிவிடும் என்று நினைப்பு. குளிருமே என்று கம்பளியில் சுற்றிப் பைக்குள் வைத்து பஸ் ஏறினேன்.

வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் என் பையைத் தொட்டான்; கையை இழுத்துக்கொண்டான். சுடுகிறது. உள்ளே ‘ஊ’வென்று சத்தம் வேறு. குண்டென்று அவன் கத்தியதில் பஸ் சனம் முழுக்க ரோட்டின் மறுபக்கம். அதில் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் சொன்னேன்: “என் மகன் உள்ளே இருக்கிறான். ரொம்ப நேரம் இருந்தால் சூடாகிவிடுவான்.”

துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. பையைத் தூர வைத்துச் சுடலாமா என்று ஒருவன் கேட்டது எனக்கு விளங்கியது. அழுதேன். பயத்தில் இல்லை, மீதி வார்த்தை அதற்குள் இருந்தது.

அந்தச் சிப்பாய்களுக்கு மேலே இருந்த வயதான பெரியவர் ஒருவர் வந்து கம்பளியைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். லேப்டாப்பை இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, ஆறவிட்டு, ஓட்டிக் காட்டச் சொன்னார். மலைக்காற்று அடியில் புகுந்து போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொழுந்தைச் சாக்கில் அடைத்தாலே வெந்துவிடும். அதனால்தான் ஃபேக்டரியில் வலையில் பரப்பி அடியில் காற்று விடுகிறார்கள். முப்பது வருடம் கொழுந்து பறித்தவள், லேப்டாப்பைத் தலையணையில் வைத்து ஓட்டியிருக்கிறேன். (மரியாதையாம்.)

அன்று அது அணையவில்லை. “இந்தப் பொங்கலுக்கு நான் வரலம்மா. இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடட்டுமா? நீங்க வேணாம்னா போடல, வந்துர்றேன். சொல்லுங்கம்மா.”

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. மகன் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

“பொங்கலுக்கு வருகிறானாம்,” என்றேன். நல்லது என்று தலையாட்டினார்.

கண்டிக்குப் போகவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அன்று பின்னேரம் செல்வியின் போனில் ரவியிடம் கையெழுத்தைப் பற்றி விசாரித்தேன்.

“நீங்க சரின்னு சொன்ன அன்னிக்கே போட்டுட்டேனே. ஏம்மா?”

“சும்மாதான் கேட்டேன்.”

அந்தப் பொங்கலுக்கு லேப்டாப்பைச் செங்கல்லில் வைத்து, பானை பொங்கும் நேரம் பார்த்து அவனை ஓடவிட்டேன். மூன்று பொங்கல் அப்படித்தான். வந்தபோது அவன் காதோரம் நரைத்திருந்தது, சண்டையும் முடிந்திருந்தது. நடந்ததை அப்போதுதான் எல்லாருக்கும் சொன்னேன்.

இன்றைக்கும் வீட்டில் யாராவது அவசரப்பட்டுத் தலையாட்டினால், “கத்தார் சரி சொல்லாத” என்பார்கள். முதலில் சிரிப்பவன் ரவி. நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் அவன் மகள். எங்கே கண்ணு, வாசிச்சுக் காட்டு. நடுவுல நிப்பாட்டாத. கடைசி வரைக்கும் கேட்டுட்டுத்தான் இந்தத் தடவை சரி சொல்லுவேன்.