புதுமுகத்தின் கேள்வி

நாலாயிரத்து இருநூறு படங்கள் போன கையோடு அந்த மருந்துக்கடைக்காரர் செய்த முதல் காரியம், அறைக் கதவைச் சாத்தியதுதான்.

அத்தனையும் மகளின் படங்கள். பிறந்த நாளிலிருந்து பள்ளி முடித்த நாள் வரை. திங்கட்கிழமை விடுதிக்குக் கிளம்புகிறவளிடம் ஆல்பமாகக் கொடுக்க, மனைவி இரண்டு மாதம் உட்கார்ந்து பொறுக்கி வைத்தவை. "நான் ஒழுங்குபடுத்தித் தரேன், நீ தள்ளு" என்று மவுஸை வாங்கியவர் இவர்தான். 'பட்டியலிலிருந்து மட்டும் நீக்கவா, கணினியிலிருந்தே அழிக்கவா?' என்று மென்பொருள் மரியாதையாகத்தான் கேட்டது. இவர் படிக்காமல் அழுத்தினார். கணினியின் குப்பைத்தொட்டியையும் வழக்கம்போல் சுத்தமாகக் காலி செய்தார்.

"என்னங்க, முடிஞ்சுதா? சாயங்காலம் அச்சகத்துல கொடுத்தாதான் திங்கட்கிழமைக்குள்ள கிடைக்கும்" என்று மனைவி கூடத்திலிருந்து கேட்டாள்.

"ஓடிட்டு இருக்கும்மா."

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே புகைப்பட மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் இணையக் குழுவுக்கு இவர் ஒன்பது வருஷமாகச் சம்பளமில்லாத மாடரேட்டர், அதாவது பதிவுகளை மேற்பார்க்கிறவர். அங்கே இவரைச் சட்டாம்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். படிக்காமல் அழுத்திவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களை வறுத்தெடுப்பது இவருடைய தனித்துறை. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு உதவி கேட்பது?

'புதுமுகம்' என்று ஒரு புதுக் கணக்கைத் தொடங்கினார். "அழித்த படங்களை மீட்க வழி உண்டா? தயவுசெய்து சொல்லுங்கள்" என்று எழுதினார்.

இரண்டே நிமிடத்தில் மாடரேட்டர்களின் தனிப் பக்கத்தில் இன்னொரு மாடரேட்டரான பல்டாக்டர் வந்துவிட்டார். அவரும் சம்பளமில்லாதவர்தான். "சட்டாம்பிள்ளை, உங்க கேஸ் ஒண்ணு வந்திருக்கு. நீங்களே பார்த்துக்கங்க."

மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். அன்பாகப் பதில் சொன்னால் இன்னும் அதிகமாக வரும். வேறு வழியில்லாமல், எல்லாருக்கும் எடுத்து ஒட்டுகிற பதிலையே ஒட்டினார். "எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவர்கள் கணினியைத் தொடாமல் இருப்பது நல்லது. காப்புப் பிரதி எங்கே? இல்லையா? அப்படியானால் அனுபவியுங்கள்."

தனக்கே வந்தபோதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. இதுவரை எத்தனை பேருக்கு ஒட்டியிருப்போம் என்று எண்ணப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

குழு கொதித்தது. "புதுசா வந்தவங்ககிட்ட பேசற பேச்சா இது?" என்றார் ஒருவர். "எனக்கும் இதே பதில்தான் வந்துச்சு. அன்னிக்கு நான் சாப்பிடவே இல்லை" என்றார் இன்னொருவர்.

சமாதானம் செய்யப் புதுமுகம் ஓடி வந்தது. "தப்பு என் மேல்தான். சட்டாம்பிள்ளை சார் தங்கமானவர்."

"பார்த்தீங்களா, தனியாக் கூப்பிட்டு மிரட்டியிருக்கார்" என்று உடனே ஒரு பதில் வந்தது. அரை மணியில் நூற்று நாற்பது பதில்கள். சட்டாம்பிள்ளையை நீக்கச் சொல்லி அறுபது பேர் கை தூக்கினார்கள். படங்களை மீட்பது எப்படி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தார். "இங்க பாரும்மா, கம்ப்யூட்டர்ல ஒரு சின்னக் கோளாறு..." சரியில்லை. "வைரஸ்..." அதுவும் சரியில்லை. கடைசியில், உண்மையையே சொல்லித் தொலைப்பது என்று வெளியே வந்தார்.

மனைவி வீட்டு போனை நீட்டினாள். "உங்க பல்டாக்டர். ரொம்ப நேரமா பேசிட்டிருந்தார்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சட்டாம்பிள்ளை, ரெண்டு கணக்கும் ஒரே வீட்டு இணைப்புலேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டோம்" என்றார் பல்டாக்டர்.

"டாக்டர், அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. கட்டின பொண்டாட்டியையா இப்படி ஊர் பார்க்கத் திட்டுவீங்க? ஆனா அவங்களைப் பாருங்க. இதைச் சொன்னதுமே, 'ஆமாங்க, புதுமுகம் நான்தான், அழிச்சதும் நான்தான். படமெல்லாம் என் தம்பிகிட்ட இன்னொரு காப்பி இருக்கு, அதைப் பத்திக் கவலையில்லை. அவரை மட்டும் நீக்கிடாதீங்க. பாவம், அவர் சொல்றதைக் கேட்க அங்கதான் நாலு பேர் இருக்காங்க'ன்னாங்க."