பருந்துக் காவல்

இனிமேல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று டிரைவர் தீர்மானித்துவிட்டார். முழங்காலில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் டாக்டர் நடங்க நடங்க என்கிறார், மனைவி நடங்க நடங்க என்கிறாள், விட்டால் நாற்காலியே சொல்லிவிடும் போலிருந்தது. அவர் அசைந்து கொடுக்கவில்லை. காலம் பூரா பஸ் ஓட்டியவர். நடப்பதெல்லாம் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் செய்கிற வேலை என்பது அவர் கட்சி.

உண்மை என்னவென்றால், காலை ஊன்றினால் உயிர் போகிற மாதிரி வலித்தது. அதை வெளியே சொல்ல மீசை இடம் கொடுக்கவில்லை. இப்படியே உட்கார்ந்திருந்தால் முட்டி இறுகிவிடும், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். பெண்டாட்டி பேச்சை நிறுத்தினால் புத்தியுள்ளவன் கலங்குவான். நம்மவரோ நிம்மதியாகப் பேப்பரைப் பிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குப் பின்னால் பருந்து இறங்கியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அவர் கண்ணெதிரே, அவள் ஆசையாக வளர்த்த கோழிக்குஞ்சுகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. தாய்க்கோழி வேலியோரமாக ஓடி ஓடிக் கத்தியது. டிரைவர் பேப்பரை வீசி எறிந்தார். நாற்காலியைத் தூக்கித் தோட்டத்தில் போடு, நான் காவல் இருக்கிறேன் என்றார்.

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "உட்கார்ந்திருக்கிற ஆளை அது மரக்கட்டைன்னு நினைச்சுக்குமாம். ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் பயப்படுமாம். விடுங்க, உங்களால ஆகாது."

ஆகாதா? மலைப்பாதையில் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பியவனைப் பார்த்தா இந்த வார்த்தை? மறுநாள் காலையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். ஓர் அடிக்கு ஒரு முனகல். முனகலையெல்லாம் பருந்தைத் திட்டுகிற திட்டாக மாற்றிக்கொண்டார். அதில் பருந்தின் பரம்பரையே கிழிந்தது.

நாள் போகப் போக, பருந்து இடத்தைக் கண்டுவைத்துவிட்டது என்று சொல்லி அவள் கூண்டைத் தள்ளித் தள்ளி வைத்தாள். கூண்டு போன இடத்துக்கெல்லாம் அவரும் போனார். முதலில் கோழிகள் அவரைக் கண்டு ஓடின. பிறகு பின்னாலேயே வர ஆரம்பித்தன. "வழியை அடைச்சுக்கிட்டு நிக்காதே, உள்ள போ, உள்ள போ" என்று அதட்டிக் கூண்டில் ஏற்றினார். அதன் பிறகு ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. தெருவில் கண்டவரிடமெல்லாம், என் நடையைப் பார்த்துப் பருந்து ஊரையே காலி பண்ணிவிட்டது என்று அளந்தார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து மரத்தில் சாய்த்தான்.

"என்னப்பா, கரண்ட் இல்லையா?"

"இல்லண்ணே, நூல் தளர்ந்திருக்கு, இழுத்துக் கட்டணும்னு அண்ணி சொன்னாங்க."

எந்த நூல்? அண்ணாந்து பார்த்தார். மரத்துக்கு மரம், சுவருக்குச் சுவர், தோட்டம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தூண்டில் நூல். உற்றுப் பார்த்தால்தான் வெயிலில் மின்னுவது தெரிந்தது. இறக்கை விரித்த எதுவும் அதற்குள் இறங்க முடியாது. எப்போது கட்டினது என்று கேட்டார். குஞ்சு போன அன்றைக்கே, நீங்கள் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றான் அவன்.

டிரைவர் விறுவிறுவென்று சமையலறைக்குள் புகுந்தார். "நூல் கட்டிட்டு என்னை எதுக்குடி நடக்க விட்டே? பருந்து வராதுன்னு உனக்குத் தெரியும்தானே?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கோழியைக் காப்பாத்த நூல் போதும்ங்க. உங்களைக் காப்பாத்தத்தான் கோழி வேண்டியிருந்துச்சு. அப்படியே முடங்கிப் போயிடுவீங்களோன்னு எனக்குப் பயமாயிருந்துச்சு."

அவருக்கு அவள் கண்ணைத் துடைத்துவிட வேண்டும் போலிருந்தது, கை எழவில்லை.  பிறகு கனைத்துக்கொண்டு, ஏமாந்தது ஏமாந்ததாகவே இருக்கட்டும், நாளையிலிருந்து காவலுக்கு அவசியமில்லை என்று அறிவித்தார்.

அவள் ஆணியில் மாட்டியிருந்த காய்கறிப் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கடைத்தெருவுல ஒரு பருந்து சுத்துதாம். என்னன்னு கொஞ்சம் பாத்துட்டு வந்துடுங்க."