நிமிர்த்தி வைத்துப் பார்த்தால்

விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவனிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். அவனுக்கு எல்லாம் தெரியும், கண்ணெதிரே இருப்பது மட்டும் தெரியாது. நான் அப்படிப்பட்ட ஆள். துவாஸில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். கப்பலின் அடிப்பாகத்தைப் பார்த்து, சரியில்லை என்று கத்துவது வேலை. பட்டறையில் கத்தினால் சம்பளம், வீட்டில் இலவசம் என்பாள் என் மனைவி கலா.

இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு வந்து சேர்ந்தது. ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகு. ஹைட்ரோபிளேன் என்பார்கள். கைக்குழந்தை அளவுதான் இருக்கும். முன்னால் இரண்டு பக்கமும் மிதவை மாதிரி இரண்டு கால்கள், பின்னால் புரொப்பல்லர். வேகம் பிடித்தால் அந்த மூன்று இடம்தான் தண்ணீரைத் தொடும், மற்றதெல்லாம் காற்றில். வளைவில் வழுக்காமல் இருக்க, ஒரு காலின் ஓரத்தில் கத்தி மாதிரி ஒரு தகடு. அது தண்ணீரைக் கடித்தால் படகு திரும்பும். கடிக்காவிட்டால் அது பாட்டுக்குப் போகும். என் மானத்தை வாங்கியது அந்தத் தகடுதான்.

இந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தவன் என் மச்சினன் செந்தில். தெம்பனிஸில் கம்ப்யூட்டர் வேலை. அவன் படகு கடையில் வாங்கியது. கப்பல் பார்க்கிறவன் பொம்மைப் படகைக் கடையில் வாங்குவதா? நானே கட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டில் இடமா கொட்டிக் கிடக்கிறது? பாம் ஷெல்டரைப் பிடித்துக்கொண்டேன். (குண்டு விழுந்தால் பதுங்குவதற்கென்று கட்டிய இரும்புக் கதவு அறை. குண்டு விழும்வரை எல்லார் வீட்டிலும் அது ஸ்டோர் ரூம்.) கலாவின் கிரைண்டரும் அரிசி மூட்டையும் ஹாலுக்கு வந்தன. படகு ஒட்டும் பிசின் நாற்றம் வீடு முழுக்க. சாம்பாரில்கூட அடிக்கிறது என்றாள். அடித்தது.

ஒரு நாள் கிரைண்டரில் காலை இடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு ரேஸ். உங்க படகு முழுசா ஓடி முடிச்சா ரூம் உங்களுக்கே. இல்லன்னா கிரைண்டர் உள்ள போகும், நீங்க வெளிய வரணும்."

"ஓடும். நீ பாரு."

"செந்திலோடது ஓடுது. அவன் சும்மா வாங்குனான், ஓடுது."

அந்தக் கடைசி வரி தேவையே இல்லை.

படகுப் பந்தயக் கிளப்பின் விதிகள் எனக்கு மனப்பாடம். இந்த நீளத்துக்கு மேல் போகக்கூடாது. மூக்கில் ரப்பர் வைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்தாலும் மூழ்கக்கூடாது. எல்லாவற்றையும் நிஜக் கப்பலை அளப்பதுபோல் அளந்தேன். பந்தயம் எப்போதும் வலமாகத்தான் சுற்றும், கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதுபோல. தகடு திரும்புகிற பக்கம் இருந்தால்தான் கடிக்கும், எனவே வலது காலில்தான் இருக்க வேண்டும். அதுவும் தெரியும். தெரிந்துதான் வலப்பக்கம் பொருத்தினேன்.

பொருத்தும்போது படகு கவிழ்ந்து கிடந்தது.

அடிப்பாகம் தேய்க்க வசதியாக இருக்கும் என்று கவிழ்த்தே வைத்திருந்தேன். கவிழ்ந்த படகில் வலது கைப் பக்கம் இருப்பது, நிமிர்ந்தால் இடது பக்கம் போய்விடும். இதே தப்பைப் பட்டறையில் செய்த ஒருவனை நான் திட்டிய திட்டில், அந்த வாரம் முழுக்க அவன் கேன்டீன் பக்கமே வரவில்லை.

வெள்ளோட்டம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். குளத்தில் நேராக ஓடியது. அக்கரையில் நிறுத்தி, சுற்றி நடந்து போய் எடுத்து வந்தேன். (திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு கப்பலைச் சோதிக்கிறவன் நான்.)

பந்தய நாளன்று படகுகளை அளந்து, ஓடலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டியவர் கிளப்பின் லிம் அங்கிள். என் படகை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"யுவர் ஃபின், திஸ் சைடு ஆ?"

படகின் மூக்கு என்னைப் பார்த்து இருந்தது. தகடு என் வலது கைப் பக்கம்தான் இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரூல் புக்ல எந்தப் பக்கம்னு போட்டிருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நோ லா. பட்…"

"நோ பட். ஸ்டிக்கர் ப்ளீஸ்."

அவர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். புத்திசாலி.

கொடி விழுந்தது. என் படகுதான் முன்னால். கலாவே குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றாள். திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் முதல் மிதவை வந்தது. வலப்பக்கம் திருப்பினேன். படகு திரும்பவில்லை. சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு நடுக்குளத்துக்குப் போனது.

"மாமா, ரைட்டு. ரைட்ல திருப்புங்க மாமா," என்றான் பக்கத்தில் நின்று தன் படகை ஓட்டிக்கொண்டிருந்த செந்தில்.

"ரைட்லதான்டா திருப்புறேன்."

பதற்றத்தில் இடப்பக்கம் திருப்பினேன். அப்போது கடித்தது பாருங்கள் தகடு. அப்படி ஒரு திருப்பத்தை அந்தக் குளம் பார்த்திருக்காது. திரும்பிய படகு, முழு வேகத்தில், மற்ற எல்லாப் படகுகளுக்கும் எதிரே வந்தது. நாலு பேர் படகை ஒதுக்கிக்கொண்டார்கள். செந்தில் ஒதுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், பாவம்.

இரண்டு மூக்கிலும் விதிப்படி ரப்பர் இருந்தது. அதனால் மோதியதில் சிதறவில்லை, குட்டிக்கரணம் போட்டன. விதிப்படி மூழ்கவும் இல்லை. என் படகு கவிழ்ந்து மிதந்தது. தகடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது, சரியாக வலப்பக்கத்தில்.

கலா குடையை விரித்துக்கொண்டே சொன்னாள்.

"இப்படித்தான் ஷெல்டர்லயும் இருந்துச்சு. அப்ப சரியாத்தான் வச்சிருக்கீங்க."

சாயங்காலம் கிரைண்டர் உள்ளே போனது. தூக்கி வைத்தவன் நான். அரிசி மூட்டையும்தான். மோதலில் விரிசல் விட்ட செந்தில் படகை ஒட்டிக் கொடுத்தேன், ஹாலில் நியூஸ்பேப்பர் விரித்து, ஜன்னலைத் திறந்து வைத்து. என் படகு அலமாரிக்கு மேல் கிடக்கிறது, கவிழ்ந்தபடி.

அடுத்த முறை விதிப்புத்தகம் அச்சடித்தபோது லிம் அங்கிள் ஒரு வரி சேர்த்துவிட்டார். தகடு வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். படகை நிமிர்த்தி வைத்து, பின்னாலிருந்து பார்க்க வேண்டும். என் பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. செந்தில் அந்தப் பக்கத்தைக் கொண்டு வந்து கொடுக்க, கலா அதை ஷெல்டர் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். மாவாட்டும்போதெல்லாம் படிக்கிறாள்.

இப்போது வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "நிமிர்த்தி வச்சுப் பாத்தீங்களா?" என்பதுதான் பதில். போன வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலைக் கோயிலில் பிராகாரம் சுற்றப் போனோம். கூட்டம். இரண்டு பக்கமும் ஆட்கள். எந்தப் பக்கம் வழி விடுகிறார்கள் என்று ஒரு நொடி நின்று பார்த்தேன். ஒரு நொடிதான்.

கலா என் தோளைப் பிடித்து வலமாகத் திருப்பிவிட்டாள். பின்னால் செந்தில், சாமி கும்பிடுகிற குரலில், "ரைட்டு மாமா," என்றான்.

கோயிலில் கத்தக்கூடாது என்று நடந்தேன். மூன்று சுற்றும்.